78 இருக்கை, 80 சீட்டு: விமானக் கம்பெனியின் நிகழ்தகவுக் கணக்கு

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரத்தைத் தாண்டியதும் விமான நிலையம் வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். சென்னை செல்லும் விமானத்துக்காக நான் அங்கே வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் நின்றிருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சள் பை. மறுநாள் காலை சென்னையில் அவருடைய மகனுக்கு அறுவைச் சிகிச்சை. ரயிலில் இடம் கிடைக்காததால், பேரன் அலைபேசி வழியாக விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தான். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

என் சீட்டைப் பார்த்து இருக்கை எண் கொடுத்தார்கள். அடுத்து பெரியவரின் முறை. கவுண்ட்டரில் இருந்த பெண் அலுவலர் கணிப்பொறித் திரையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். “இருக்கை எல்லாம் முடிந்துவிட்டது, ஐயா. நாளைக் காலை விமானத்தில் அனுப்பி வைக்கிறோம்” என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, காசு குடுத்துத்தான சீட்டு வாங்குனோம்? பெறகு எப்படி எடமில்லைங்கிறாக?”

கல்லூரியில் இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்லத் தெரியவில்லை. மாணவ நண்பர்களே, அந்த விடையைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம். இதில் உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரும் நிகழ்தகவு இருக்கிறது. கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு நியாயமும் இருக்கிறது.

மல்லிகையும் விமான இருக்கையும்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அதிகாலையில் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் மல்லிகை நல்ல விலைக்குப் போகும். நேரம் ஆக ஆக விலை இறங்கும். மாலையில் மிஞ்சிய பூவை யாரும் வாங்க மாட்டார்கள். இரும்பு ஆணி இன்று விற்காவிட்டால் நாளை விற்கலாம். மல்லிகைக்கு நாளை என்பது இல்லை.

விமான இருக்கையும் மல்லிகை மாதிரிதான். விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்பிய அந்த நொடியில், உள்ளே காலியாக இருக்கும் இருக்கையின் விலை சுழியாகிவிடுகிறது. அதைச் சேமித்து வைத்து நாளைக்கு விற்க முடியாது. ஆனால் செலவு அப்படியே இருக்கிறது. 74 பேர் ஏறினாலும் 78 பேர் ஏறினாலும் எரிபொருளும், விமானியின் சம்பளமும், நிலைய வாடகையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சீட்டு வாங்கியவர்கள் எல்லாரும் தவறாமல் வந்துவிட்டால் தொல்லை இல்லை. அப்படி வருவதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் திருமங்கலம் சாலையில் வண்டி பழுதாகி நிற்கிறார், மற்றொருவரின் கூட்டம் தள்ளிப்போய்விட்டது. முன்பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் உலகம் முழுவதும் உண்டு. வெளியே இடமில்லை என்று சிலர் திரும்பிப் போக, உள்ளே நான்கு இருக்கைகள் காலியாகப் பறக்கும். ஆகவே விமானக் கம்பெனிகள் இருக்கும் இடத்தைவிடச் சில சீட்டுகளை அதிகமாக விற்கின்றன. இதனை மிகைப்பதிவு எனலாம். இதற்குக் கணக்கு வகுக்கும் முயற்சி இன்று நேற்று தோன்றியதன்று. மார்ட்டின் பெக்மன் என்ற பொருளியலார் 1958-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

பந்திக் கணக்கு

இது நமக்கும் புதிதன்று. நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஆயிரம் பத்திரிகை கொடுத்திருப்பார்கள். சமையல்காரர் வந்து, “எத்தனை இலைக்குச் செய்யட்டும்?” என்று கேட்பார். வீட்டுப் பெரியவர் பத்திரிகையை எண்ணிச் சொல்ல மாட்டார். அன்று வேறு எத்தனை முகூர்த்தம், மழை வருமா, வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் மனத்துக்குள் கணக்குப் போட்டு ஓர் எண்ணைச் சொல்வார். எல்லாரும் வர மாட்டார்கள் என்பதை வைத்தே அந்தக் கணக்கு நிற்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பந்தியில் ஆள் கூடிவிட்டால் ரசத்தைக் கொஞ்சம் பெருக்கலாம்; அவசரமாக ஓர் உலை வைக்கலாம்; அடுத்த பந்திக்குக் காத்திருங்கள் என்றால் அரைமணி நேரம்தான். விமானத்தில் ஓர் இருக்கையைக் கூட்ட முடியாது. அடுத்த பந்தி மறுநாள் காலையாகக்கூட இருக்கும்.

பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் ஏறுவதுபோல ஒருவர் நின்றுகொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். 2024 மே மாதத்தில் மும்பையிலிருந்து வாரணாசிக்குப் புறப்பட்ட இண்டிகோ விமானம் ஒன்றில், பின்பக்கம் ஒரு பயணி இருக்கையில்லாமல் நிற்பதைப் பணியாளர்கள் கண்டார்கள். ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து அவரை இறக்கிய பிறகே மறுபடியும் கிளம்பினார்கள். காரணம் நீங்கள் படித்த நிலைமம்தான். ஓடுபாதையில் விமானம் விரைவு கூட்டும்போதும், இறங்கித் தடை போடும்போதும், பெல்ட் கட்டாத உடல் தன் இயக்க நிலையிலேயே இருக்கப் பார்க்கும். ஆகவே ஆளுக்கு ஓர் இருக்கை, ஒரு பெல்ட் என்பது அசைக்க முடியாத விதி.

சராசரி செய்யும் ஏமாற்று

இனிக் கணக்குக்கு வருவோம். மதுரை போன்ற நகரங்களுக்கு வந்து போகும் ஏ.டி.ஆர். 72 என்ற சுழலி விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வகையில் 78 இருக்கைகள் உண்டு. சீட்டு வாங்கிய நூறு பேரில் 95 பேர் வருவார்கள், 5 பேர் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட எண். ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் இது மாறும்.

78 சீட்டு மட்டும் விற்றால் வராதவர் எத்தனை பேர்? 78-ஐ 0.05 ஆல் பெருக்கினால் 3.9. அதாவது சராசரியாக 4 இருக்கை காலி. உடனே ஒரு மாணவர் எழுந்து, “அப்படியானால் 4 சீட்டு கூடுதலாக, 82 சீட்டு விற்றால் சரியாக நிரம்பிவிடுமே!” என்பார். வகுப்பில் ஆண்டுதோறும் இந்த விடை வரும். இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது.

ஒரு கண்மாயின் சராசரி ஆழம் நான்கு அடி என்று கேள்விப்பட்டு நீந்தத் தெரியாதவர் இறங்கலாமா? ஓரிடத்தில் இரண்டு அடி இருக்கும். இன்னோரிடத்தில் பத்து அடி இருக்கும். அதுபோல, வராதவர் ஒருநாள் ஏழு பேராக இருப்பர். மற்றொரு நாள் ஒருவர்கூட இருக்க மாட்டார். சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

80 சீட்டு விற்றால் என்ன ஆகும் என்று நாமே கணக்கிடுவோம். எல்லா 80 பேரும் வந்துவிட்டால் இருவருக்கு இடமில்லை. ஒருவர் மட்டும் வராமல் 79 பேர் வந்தால் ஒருவருக்கு இடமில்லை. மற்ற எல்லா நிலைகளிலும் தொல்லை இல்லை.

எல்லாரும் வருவதற்கான நிகழ்தகவு: 0.95-ஐ 80 முறை தன்னாலேயே பெருக்க வேண்டும். கிடைப்பது 0.0165.

சரியாக ஒருவர் மட்டும் வராதிருக்க: வராத அந்த ஒருவர் 80 பேரில் யாராகவும் இருக்கலாம். ஆகவே 80-ஐ 0.05 ஆல் பெருக்கி, அதை 79 முறை பெருக்கிய 0.95-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 0.0695.

இரண்டையும் கூட்டினால் 0.086. அதாவது ஏறத்தாழ 12 பயணங்களில் ஒன்றில் யாரோ ஒருவர் வெளியே நிற்க வேண்டிவரும். இதே முறையில் மற்ற எண்களுக்கும் கணக்கிட்டால் கிடைப்பது இது:

79 சீட்டு விற்றால் – 100 பயணங்களில் சுமார் 2-இல் இடப் பற்றாக்குறை
80 சீட்டு விற்றால் – 100-க்குச் சுமார் 9
81 சீட்டு விற்றால் – 100-க்குச் சுமார் 22
82 சீட்டு விற்றால் – 100-க்குச் சுமார் 41

பார்த்தீர்களா? “சரியாக நிரம்பிவிடும்” என்று நாம் நினைத்த 82-இல், ஐந்து பயணங்களுக்கு இரண்டில் தகராறு! சீட்டு ஒன்று கூடும்போது தொல்லை ஒரு பங்கு கூடவில்லை. பல மடங்கு பாய்கிறது.

பெரிய விமானமாக இருந்தால் இந்தச் சிதறல் அவ்வளவு படுத்தாது. 78 பேரில் வராதவர் சராசரியாக 4. அதற்கு ஏற்ற இறக்கம் சுமார் 2, அதாவது சராசரியில் பாதி. 180 பேரில் வராதவர் சராசரியாக 9. ஏற்ற இறக்கம் சுமார் 3, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இந்த ஏற்ற இறக்க அளவைப் புள்ளியியலார் திட்ட விலக்கம் என்பர். எண்ணிக்கை பெருகப் பெருக, சராசரியோடு ஒப்பிடும்போது சிதறல் சுருங்குகிறது. உங்கள் வகுப்பறையில் காற்று மூலக்கூறுகள் கோடானுகோடி கண்டபடி ஓடியும், சுவரின் மீது அழுத்தம் மட்டும் மாறாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். எண்ணிக்கை அங்கே அவ்வளவு பெரிது.

கூட்டமாக வரும் சொந்தங்கள்

மேலே போட்ட கணக்கில் நாம் சொல்லாமலே ஒன்றை ஏற்றுக்கொண்டோம். ஒருவர் வருவதற்கும் மற்றவர் வருவதற்கும் தொடர்பில்லை என்பதே அது. மூலக்கூறுகளுக்கு அது பொருந்தும். மதுரைக்காரர்களுக்குப் பொருந்துமா?

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். வந்தால் நான்கு பேரும் வருவார்கள். ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் நான்கு பேரும் வரமாட்டார்கள். 80 பயணிகளும் இப்படி நான்கு நான்கு பேராக, 20 குடும்பங்களாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருகிற வாய்ப்பு முன்போலவே 0.95. ஒரு குடும்பமாவது வராவிட்டால் நான்கு இடம் காலியாகி எல்லாருக்கும் இருக்கை கிடைக்கும். 20 குடும்பங்களும் வந்துவிட்டால் இருவர் வெளியே. அதற்கான நிகழ்தகவு என்ன? 0.95-ஐ 20 முறை பெருக்குங்கள்: 0.358.

முன்பு 12 பயணங்களில் ஒன்றாக இருந்த தொல்லை, இப்போது மூன்றில் ஒன்றாகிவிட்டது! சராசரி மாறவில்லை, விற்ற சீட்டு மாறவில்லை, மனிதர்கள் ஒருவரோடொருவர் கட்டுண்டிருப்பது மட்டுமே மாறியது. முகூர்த்த நாளிலும் திருவிழா நாளிலும் பழைய சராசரியை நம்பிச் சீட்டு விற்பவர் ஏமாந்துபோவார். அவரைவிட அதிகமாகப் பயணி ஏமாந்துபோவார்.

நட்டஈடு என்னும் கடிவாளம்

அப்படியானால் எத்தனை சீட்டுதான் விற்பது? கம்பெனியின் கணக்குப்பிள்ளை எப்படிச் சிந்திப்பார் என்று காண்போம்.

ஒரு சீட்டின் விலை 4,000 ரூபாய். இடம் கிடைக்காத ஒருவருக்கு நட்டஈடு, சாப்பாடு, அடுத்த விமானத்தில் இடம் என்று எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு 12,000 ரூபாய் செலவு என்று கொள்வோம். நூறு பயணங்களை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சீட்டு கூடுதலாக விற்பதால் வரும் வருமானம் 4 லட்சம் ரூபாய்.

80 சீட்டு விற்றால் நூறு பயணங்களில் விடுபடுவோர் மொத்தம் சுமார் 10 பேர். 81 விற்றால் 32 பேர். 82 விற்றால் 72 பேர். ஆகவே 81-ஆவது சீட்டால் கூடுதலாக விடுபடுவோர் 22 பேர். அவர்களுக்கான செலவு 2,64,000 ரூபாய். வருமானம் 4 லட்சம். இலாபம்தான், விற்கலாம். 82-ஆவது சீட்டால் கூடுதலாக விடுபடுவோர் 40 பேர். செலவு 4,80,000 ரூபாய். நட்டம், விற்கக் கூடாது. கணக்குப்பிள்ளை 81-இல் நின்றுவிடுவார்.

இப்போது அரசாங்கம் ஒரு விதி போட்டு, ஒருவர் விடுபட்டால் ஆகும் செலவை 24,000 ரூபாய் ஆக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 81-ஆவது சீட்டுக்கான செலவு 5,28,000 ரூபாயாகி, வருமானத்தைத் தாண்டிவிடுகிறது. கணக்குப்பிள்ளை தாமாகவே 80-க்கு இறங்கிவிடுவார். விடுபடுவோர் 32 பேரிலிருந்து 10 பேராகக் குறைவர். செலவை 60,000 ஆக்கினால் 79-இல் நிற்பார். விடுபடுவோர் 2 பேர்தான்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். விமானம் அதே விமானம். பயணிகள் அதே பயணிகள். கணிதமும் அதே கணிதம். விடுபட்டவரின் இழப்புக்கு நாம் என்ன விலை வைத்தோம் என்பது மட்டுமே மாறியது. பெரியவருடைய மகனின் அறுவைச் சிகிச்சையைக் கணிப்பொறி அறியாது. விதி அதற்கு ஒரு விலை வைத்தால் மட்டுமே அது கணக்கில் ஏறும்.

நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2010-இல் இதற்கு விதி வகுத்தது. 2016-இல் அதைத் திருத்திக் கடுமையாக்கியது. திருத்திய விதிப்படி, ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்தில் அனுப்பினால் நட்டஈடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப்போல் இரண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதமானால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்பவருக்குச் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதோடு இந்த நான்கு மடங்குத் தொகையும் உண்டு. விதியை மீறி நட்டஈடு தராததற்காக 2022 ஜூன் மாதம் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

யாரை நிறுத்துவது?

எத்தனை பேர் என்பது கணக்கு. யார் என்பது நியாயம். பல காலம் கம்பெனிகள் கையாண்ட ஒரு வழி: கடைசியாக வந்தவரை நிறுத்திவிடுவது.

1972 ஏப்ரல் 28-இல் அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்குப் புறப்பட்ட அலிகேனி கம்பெனி விமானத்தில் 100 இடங்களுக்கு 107 பேருக்கு உறுதி கொடுத்திருந்தார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் ரால்ஃப் நாடர். நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய புகழ்பெற்ற வழக்கறிஞர்! அன்று ஒரு கூட்டத்தில் பேச வேண்டியவர். கம்பெனி நீட்டிய நட்டஈட்டை வாங்க மறுத்து வழக்குத் தொடுத்தார். மிகைப்பதிவு செய்வதைப் பயணியிடம் மறைத்தது பற்றி நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்று 1976-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

இதற்கு முன்பே, 1968-இல், ஜூலியன் சைமன் என்ற பொருளியலார் எளிய யோசனை ஒன்றைச் சொல்லியிருந்தார். இடம் போதாதபோது ஏன் ஒருவரைப் பிடித்து நிறுத்த வேண்டும்? பயணிகளிடம் ஓர் உறையும் தாளும் கொடுங்கள். “எவ்வளவு பணம் கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள்?” என்று எழுதச் சொல்லுங்கள். குறைந்த தொகை எழுதியவரை நிறுத்திக்கொள்ளுங்கள். அவசரமுள்ளவர் பெரிய தொகை எழுதித் தப்பித்துக்கொள்வார். அவசரமில்லாதவர் பணத்தோடு மகிழ்ச்சியாகக் காத்திருப்பார். நம் ஊர் ஏலத்தைத் தலைகீழாகத் திருப்பியதுபோன்ற யோசனை இது. கம்பெனிகள் இது நடக்காது என்றன. பத்து ஆண்டுகள் கழித்து, 1978-இல், ஆல்ஃபிரட் கான் என்ற மற்றொரு பொருளியலார் அமெரிக்க சிவில் விமான வாரியத்தின் தலைவராக இருந்தபோது, முதலில் விரும்பி விட்டுக்கொடுப்போரைக் கேட்க வேண்டும் என்பது விதியாயிற்று. நம் நாட்டு விதியும் இன்று அதையே சொல்கிறது.

விதி இருந்தும் தவறினால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரல் 9-இல் உலகமே கண்டது. சிகாகோவில் யுனைடெட் கம்பெனி விமானம் ஒன்றில் தம் பணியாளர் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. 800 டாலர் வரை தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள், யாரும் எழவில்லை. நால்வரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று இறங்க மறுத்த ஒரு மருத்துவரைக் காவலர்கள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் பின் அக்கம்பெனி, விட்டுக்கொடுப்போருக்கு 10,000 டாலர் வரைகூடத் தருவோம் என்று அறிவித்தது. ஏலத்தை 800-இல் நிறுத்தாமல் இன்னும் சற்று நடத்தியிருந்தால் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்.

முந்திய விமானத்தில் ஏறலாமா?

மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறுபவர் சீக்கிரம் வந்துவிட்டால் முந்திய வண்டியில் போய்விடுவார். விமானத்தில் அப்படி முடியுமா?

மாலை 6 மணி விமானத்துக்குச் சீட்டு வைத்திருப்பவர் பகல் 12 மணிக்கே நிலையத்துக்கு வந்துவிட்டார். 2 மணி விமானத்தில் ஆறு இருக்கை காலி. மாலை விமானத்திலோ 81 சீட்டு விற்றிருக்கிறது. அவரை 2 மணி விமானத்தில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? வாடிப்போக இருந்த ஒரு மல்லிகை பயன்பட்டது. மாலையில் ஒரு நெருக்கடி குறைந்தது. கம்பெனிக்கும் இலாபம், பயணிக்கும் இலாபம். மாலையில் கூட்டம் அதிகமென்று தெரிந்தால், சில கம்பெனிகள் தாங்களாகவே பயணியை அழைத்து முந்திய விமானத்தில் போகிறீர்களா என்று கேட்பதும் இதனால்தான்.

ஆனால் மற்ற நாள்களில் இதற்குக் கட்டணம் கேட்கிறார்கள். ஏன்? கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக மாற்றிக் கொடுத்தால், எல்லாரும் விலை குறைந்த நேரத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு, விலை உயர்ந்த நேரத்துக்கு மாறிக்கொள்வார்கள் அல்லவா? அதற்குப் போட்ட வேலிதான் அந்தக் கட்டணம். நேரக் கட்டுப்பாடும் உண்டு. புறப்படுவதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். பயணிகளின் பெயர்ப் பட்டியல், பெட்டிகளின் எடை, விமானத்தின் எடைச் சமநிலை ஆகியவற்றை அதன் பிறகு சரிபார்க்க வேண்டும். பெட்டி ஒரு விமானத்திலும் ஆள் ஒரு விமானத்திலும் போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

ரயில்வேயின் வழி

இதே சிக்கலை நம் ரயில்வே வேறு விதமாகத் தீர்க்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுக்கை எல்லாம் பதிவாகிவிட்டால், அடுத்து வருபவருக்கு ஆர்.ஏ.சி. என்று அச்சிட்ட சீட்டு கிடைக்கும். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் இருவர் எதிரெதிராக உட்கார்ந்து போகலாம். யாராவது பயணத்தை ரத்து செய்தால் வரிசைப்படி முழுப் படுக்கை கிடைக்கும். அதற்கும் பின்னால் காத்திருப்போர் பட்டியல்.

இதிலும் நிகழ்தகவுதான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனியுங்கள். ரயில்வே தன் ஐயத்தைச் சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. “உமக்கு இன்னும் உறுதியில்லை, இத்தனையாவது ஆள் நீர்” என்று சொல்லிவிடுகிறது. பயணி வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். விமானக் கம்பெனியோ எல்லாருக்கும் உறுதி என்றே அச்சிடுகிறது. ஐயத்தைத் தன் கணிப்பொறிக்குள் வைத்துக்கொள்கிறது. இரவு முழுவதும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவது சுகமன்று. ஆனாலும் ஆர்.ஏ.சி. பயணி மறுநாள் காலை ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

பெரியவர் என்ன ஆனார்?

மீண்டும் அந்த மாலைக்கு வருவோம். எனக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. “விரும்பி விட்டுக்கொடுப்பவர்கள் உண்டா என்று கேட்டீர்களா, அம்மா?” என்று அலுவலரிடம் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, ஒலிபெருக்கியை எடுத்து நிலைமையைச் சொல்லிக் கேட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. விடுமுறை முடிந்து சென்னை விடுதிக்குத் திரும்பும் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து வந்தார். “எனக்கு நாளை மறுநாள்தான் வகுப்பு, மேடம். தாத்தா போகட்டும்” என்றார். அவருக்கு மறுநாள் விமானத்தில் இடமும் அவர்கள் தருவதாகச் சொன்ன சலுகையும் கிடைத்தன. பெரியவர் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி என்னோடு விமானம் ஏறினார்.

பறக்கும்போது எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. எனக்கும் மறுநாள் பிற்பகலில்தான் வேலை. என் கையிலும் இருக்கை எண் இருந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த விமானத்தில் அவசரமில்லாதவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். யாருக்கு எவ்வளவு அவசரம் என்பதைக் கணிப்பொறி சொல்லாது. கேட்டால்தான் தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

20 புளியங்கொட்டைகளை ஒரு பையில் போடுங்கள். ஒன்றில் மட்டும் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் பார்க்காமல் இரண்டு முறை எடுக்கட்டும். ஒவ்வொரு முறையும் கொட்டையைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். மொத்தம் 80 முறை; 80 பயணிகள். புள்ளிக் கொட்டை வந்தால் அந்தப் பயணி வரவில்லை என்று பொருள். புள்ளி ஒருமுறைகூட வராவிட்டாலும், ஒரே ஒருமுறை வந்தாலும், யாரோ வெளியே நிற்கிறார். இப்படிப் பல சுற்றுகள் நடத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு முறை எடுப்பதை நான்கு பேர் கொண்ட குடும்பமாகக் கொண்டு, சுற்றுக்கு 20 முறை மட்டும் எடுத்துப் பாருங்கள். இப்போது புள்ளி ஒருமுறைகூட வராத சுற்றில் மட்டும் இடப் பற்றாக்குறை. இரண்டு கணக்கும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஒப்பிடுங்கள். வெளியே நின்றவர் நீங்களாக இருந்தால் உங்கள் இடத்துக்கு என்ன விலை வைத்திருப்பீர்கள் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.